சீமையை மயக்கிய செப்பிடு வித்தைக்காரர்
ராமசாமி, 'ராமோ சாமி' ஆன கதை

உழவர்கரையில் ஒரு பள்ளிக்கூட விழா என்று வைத்துக்கொள்வோம். மேடையில் நிற்கும் வித்தைக்காரர் சட்டைக் கைகளை முழங்கை வரை மடித்து விடுகிறார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார். ஒன்றும் இல்லை. சிறிய சிவப்புப் பட்டுத்துணி ஒன்றை எடுத்து, இடது கையை மூடி, அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திணிக்கிறார். கடைசி நுனியையும் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளுகிறார். மந்திரக்கோல் ஒரு சுற்று. வாயால் ஓர் ஊதல். கையை விரித்தால் துணியைக் காணோம்! பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். முன்வரிசையில் இருக்கும் ஒரு பையன் மட்டும் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கே அவன் மனத்தில் வித்தை ஆசை விழுந்துவிடுகிறது.

அந்த ஆசையோடு போய்ப் பணம் கொடுத்து வாங்கினால் கைக்கு வருவது என்ன? பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பொய்க் கட்டைவிரல். அவ்வளவுதான் இரகசியம்! உண்மை விரலின் மேல் உறை போல மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் காலி இடத்தில் துணி ஒளிந்துகொள்ளும்.

ஆனால் பையனுக்கு முதல் நாளே ஏமாற்றம். உறை தளர்ந்திருந்தால் துணியைத் திணிக்கும்போதே கழன்று தரையில் விழுகிறது. இறுக்கமாக இருந்தால் விளிம்பில் தோல் பிதுங்கி மோதிரம் போட்டது போலத் தெரிகிறது; கழற்றுவதற்குள் வியர்த்துவிடுகிறது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது போல இதற்கும் பார்த்தாக வேண்டும். முதல் கணு வரை ஏற வேண்டும். ஆனால் நுனியில் துணிக்கு இடம் விட வேண்டும். தளர்ந்ததற்கு உள்ளே மெல்லிய துணிப்பட்டை ஒட்டுவார்கள். மிருதுவான பிளாஸ்டிக்காக இருந்தால் சுடுநீரில் சற்றுப் போட்டு, விரலின் வடிவத்துக்கு அமுக்கிச் சரிசெய்வார்கள்.

இவ்வளவும் பாதி வேலைதான். விரல் நுனி சபையோரை நேராகப் பார்க்க வேண்டும். அப்போது நீளம் தெரியாது. கை ஓயாமல் அசைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வித்தைக்காரர் தம் கட்டைவிரலைத் தாமே பார்க்கக் கூடாது. அவர் பார்த்தால் ஊரே பார்க்கும். உறை விரலுக்குப் பொருந்தினால் போதாது. மாட்டியிருக்கிறோம் என்பதே மறந்து போகும்படி கையும் அதற்குப் பொருந்த வேண்டும்.

இந்தப் பொய்விரல் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மேல்நாட்டு வித்தைக்காரர்களிடையே புழக்கத்துக்கு வந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, பொய்விரலும் இல்லாமல், ஒளித்து வைக்க நீளக் கைச்சட்டையும் மேஜையும் இல்லாமல், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தே லண்டன் மாநகரை மயக்கினார் தென்னிந்தியர் ஒருவர். அவர் பெயர் ராமசாமி.

தரையே மேடை

சோழமண்டலக் கரை நெடுக அந்தக் காலத்தில் வித்தை காட்டிப் பிழைத்தவர்கள் ஏராளம். கழைக்கூத்தாடிகள், பாம்பாட்டிகள், செப்பிடு வித்தைக்காரர்கள் என்று பல வகையினர். சந்தை கூடும் இடம், தேர் நிற்கும் வீதி, ஊர்ப் புளியமரத்து நிழல், இவைதாம் அவர்களுடைய கொட்டகை. துணி ஒன்றை விரித்தால் மேடை தயார். சுற்றிலும் ஜனங்கள். முன்னால் இருப்பவன் மட்டுமல்ல, முதுகுப் பக்கம் நிற்பவனும் பார்த்துக்கொண்டிருப்பான். திரையும் கிடையாது, தப்ப வழியும் கிடையாது.

செப்பு என்பது சிறு கிண்ணம். கிண்ணங்களைக் கவிழ்த்து, துணியுருண்டைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 'ஓட' வைப்பதுதான் செப்பிடு வித்தை. நம் நாட்டுச் செப்பின் தலையில் ஒரு குமிழ் இருக்கும். அந்தக் குமிழை இரண்டு விரல்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு செப்பைத் தூக்குவார்கள். மற்ற விரல்களின் மடிப்பில் உருண்டை மறைந்திருக்கும். செப்பு கீழே வைக்கப்படும் அந்த ஒரு கணத்தில் உருண்டை உள்ளே போய்விடும்.

இதில் குமிழின் கனம் விரலிடுக்குக்குச் சரியாக இருக்க வேண்டும். உருண்டை உள்ளங்கைக் குழிக்கு அளவாக இருக்க வேண்டும். பெரிதானால் விரல் மூடாது, சிறிதானால் நழுவிவிடும். மேல்நாட்டு வித்தைக்காரருக்கு மேஜை உண்டு. மடியில் மறைவான பை உண்டு. அகன்ற சட்டைக் கை உண்டு. நம்மவருக்கு இருந்தது வெறும் கையும் அதன் ரேகையும்தான். அதனால் பொருளைக் கைக்கு ஏற்றபடி செய்துகொள்வதும், கையைப் பொருளுக்கு ஏற்றபடி பழக்குவதும் சிறு வயதிலேயே தொடங்கிவிடும். ராமசாமி கற்ற பள்ளிக்கூடம் இத்தகையதுதான்.

கப்பல் ஏறிய கலை

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி நாளுக்கு நாள் பரவிய காலம் அது. சீமைக்குப் போன கப்பல்கள் மிளகையும் துணியையும் மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. மனிதர்களையும் ஏற்றிச் சென்றன. சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கரை சேரப் பல மாதங்கள் ஆகும்.

இந்திய வித்தைக்காரர்களை லண்டனில் காட்டினால் பணம் பண்ணலாம் என்று கப்பல் காப்டன் ஒருவருக்கு யோசனை தோன்றியது. 1813-ஆம் ஆண்டு லண்டனின் பால்மால் வீதியில், அப்படி அழைத்து வரப்பட்ட கூட்டம் வித்தை காட்டியது. அதுவரை பிரயாணக் கதைகளில் மட்டுமே இவர்களைப் பற்றி அறிந்திருந்த சீமைச் சீமான்களும் சீமாட்டிகளும் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். 'இந்திய வித்தை' என்றாலே கூட்டம் கூடும் காலம் பிறந்தது.

அதை அடுத்த ஆண்டுகளில் ஒரு பெயர் மட்டும் தனித்து ஒலிக்கத் தொடங்கியது. சுவரொட்டிகளில் அது 'ராமோ சாமி' என்று அச்சாயிற்று. உழவர்கரைக்கு ஒழுகரை என்றும் ஒரு பழைய வழக்கு உண்டு. பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'உல்கரே' ஆனது. 1954-இல் அவர்கள் ஆட்சி போன பிறகும் ஆங்கில எழுத்தில் அந்தச் சாயல் நிலைத்துவிட்டது. அதே கதைதான் ராமசாமிக்கும். வேற்று நாக்குக்குப் பொருந்தும்படி பெயர் நறுக்கப்பட்டது. அந்த நறுக்கிய பெயரோடுதான் அவர் வாழ்ந்தார், அதோடுதான் மறைந்தார்.

நான்கு பித்தளைப் பந்துகள்

வெள்ளை அங்கி, இறுகக் கட்டிய தலைப்பாகை. மேடைக்கு வந்து தரையில் உட்காருவார். முதலில் இரண்டு பித்தளைப் பந்துகளை மேலே எறிந்து பிடிப்பார். பார்ப்பவர்கள் இது என்ன பிரமாதம் என்று நினைப்பார்கள். பிறகு மூன்று, அதன் பிறகு நான்கு. அப்போதுதான் கொட்டகை மூச்சடங்கிப் போகும்.

நான்கு பந்துக்கும் கை இரண்டுதான். எந்த நேரத்திலும் இரண்டு பந்தாவது ஆகாயத்தில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பந்தும் ஒரே உயரம் போக வேண்டும்; ஒரே இடத்தில் இறங்க வேண்டும். ஒன்று அரை அங்குலம் விலகினால் அடுத்தது தாமதப்படும். அடுத்தது தாமதப்பட்டால் நான்கும் உருண்டோடும். கண்ணால் பார்த்துக் கையை நகர்த்த நேரமே கிடையாது. பந்து எங்கே வரும் என்பது கைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வித்தையைப் பார்த்தவர்களில் வில்லியம் ஹாஸ்லிட் என்ற ஆங்கில எழுத்தாளரும் ஒருவர். கட்டுரை எழுதுவதில் அக்காலத்தில் அவருக்கு இணை சொல்லத்தக்கவர் சிலரே. 1821-இல் வெளியான தம் கட்டுரைத் தொகுதியில் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றியே ஒரு கட்டுரையைச் சேர்த்தார். அதில் வரும் தலைமை வித்தைக்காரர் ராமசாமியே என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

பந்து வித்தையைப் பார்த்த ஹாஸ்லிட்டுக்கு வியப்பு மட்டும் தோன்றவில்லை. தம் தொழிலை நினைத்து வெட்கமும் வந்தது. எழுதுகிறவன் செய்யும் பிழை வார்த்தைகளுக்கிடையே மறைந்துவிடும். வாதம் செய்து அதை மூடவும் முடியும். வித்தைக்காரனுக்கு அந்தச் சலுகை இல்லை. மயிரிழை தவறினாலும் பந்து கீழே விழும், ஊரே பார்க்கும். பல ஆண்டு எழுதியும் தம்மால் அவ்வளவு பூரணமாக ஒன்றைச் செய்ய முடிந்ததா என்று அந்த மேதை தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். எழுதப் படிக்கக் கற்றவர்களின் பெரிய சபையில், தெருவில் கற்ற ஒருவருக்குக் கிடைத்த பெரிய மரியாதை இது.

வாளும் தொண்டையும்

ஜனங்களை அதிகமாக இழுத்தது பந்து அல்ல, வாள். சுமார் 2 அடி நீளமுள்ள வாளை ராமசாமி வாய்க்குள் இறக்குவார். கைப்பிடி மட்டும் வெளியே நிற்கும். சீமைப் பெண்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஹாஸ்லிட்டுக்கும் இது பிடிக்கவில்லை. போலீஸ் தலையிட்டுத் தடுக்க வேண்டிய காரியம் என்றே அவர் கருதினார்.

வாள் மடங்கிக் கைப்பிடிக்குள் போய்விடுகிறது என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஆனால் வாள் விழுங்குவது கண்கட்டு அல்ல, உண்மையாகவே நடப்பது. தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும். வளர்ந்த மனிதனுக்கு முன்பல்லிலிருந்து இரைப்பையின் வாசல் வரை ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். அதற்கு மேல் போகும் பகுதி இரைப்பைக்குள் இறங்குகிறது. வழியில் இதயத்தை ஒட்டித்தான் வாள் செல்கிறது. தொண்டையில் ஏதாவது பட்டால் குமட்டுவது உடம்பின் இயற்கை. அந்தக் குமட்டலை அடக்க மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும்.

இங்கேயும் பொருத்தந்தான் உயிர். வாளின் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். நுனி உருண்டிருக்க வேண்டும். நீளம் ஆளின் உடம்புக்கு அளவாக இருக்க வேண்டும். ஒருவருடைய வாளை இன்னொருவர் வாங்கி விழுங்க முடியாது. பொய்விரல் பொருந்தாவிட்டால் போவது மானம். வாள் பொருந்தாவிட்டால் போவது உயிர்.

வெறும் வேடிக்கை என்று எண்ணப்பட்ட இந்தத் திறமை ஒரு சமயம் வைத்தியத்துக்கும் உதவியது. 1868-இல் ஜெர்மன் டாக்டர் அடால்ஃப் குஸ்மால், உயிருள்ள மனிதனின் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க முயன்றபோது, அதற்கு உடன்பட்டு வாயைத் திறந்தவர் ஒரு வாள் விழுங்கும் வித்தைக்காரர்தான்! இன்று ஆஸ்பத்திரிகளில் நடக்கும் 'எண்டோஸ்கோப்பி' பரிசோதனையின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று.

வாயில் கோத்த மணிமாலை

ராமசாமியின் இன்னொரு வித்தை சத்தமில்லாதது. கை நிறைய உதிரி மணிகளை வாயில் போட்டுக்கொள்வார். பிறகு குதிரை மயிர் ஒன்றையும் வாய்க்குள் விடுவார். சிறிது நேரம் கழித்து மயிரின் நுனியைப் பிடித்து மெல்ல இழுப்பார். மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு மாலையாக வெளியே வரும்!

இத்தகைய வித்தைக்கு வாயே மறைவிடம். கன்னத்தின் உட்புறமும் நாவின் அடியும் எவ்வளவு கொள்ளும், எவ்வளவு வைத்தால் முகம் உப்பித் தெரியாது, எதை வைத்துக்கொண்டு இயல்பாக மூச்சுவிட முடியும் என்பதெல்லாம் பழகிப் பழகித்தான் தெரியும். வாயைத் திறந்து காட்டும்போது முகத்தில் ஒரு சலனமும் இருக்கக் கூடாது. கட்டைவிரலைப் பார்க்காத வித்தைக்காரரைப் போல, தம் வாயை மறந்திருந்தார் ராமசாமி.

கடல் கடந்த புகழ்

1819-இல் ராமசாமி அட்லாண்டிக் கடலையும் தாண்டினார். அமெரிக்க ஐக்கிய நாடு அப்போது சுதந்திரம் பெற்று ஐம்பது ஆண்டுகூட ஆகாத இளம் தேசம். இந்தியர் ஒருவரை நேரில் கண்டிராதவர்களே அங்கு மிகப் பெரும்பாலோர். அவர்கள் முன்னிலையிலும் பந்து பறந்தது, வாள் இறங்கியது, மாலை வெளிவந்தது.

பின்பு லண்டனே அவருக்கு ஊராயிற்று. தேம்ஸ் நதியின் தென்கரையில் 1818-இல் திறக்கப்பட்ட கோபர்க் நாடகக் கொட்டகையில் அவர் வித்தை காட்டினார். பிற்காலத்தில் 'ஓல்டு விக்' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற நாடக அரங்கம் அதுதான். கோடை இரவுகளில் ஆயிரக்கணக்கான விளக்குகள் எரியும் வாக்சால் உல்லாசத் தோட்டத்திலும் அவர் பெயர் விளம்பரப் பலகையில் இடம்பெற்றது. எலன் என்ற பெண்மணியை மணந்து, பிள்ளைகளைப் பெற்று, குடும்பஸ்தராகவும் ஆனார். புளியமரத்து நிழலில் கற்ற வித்தை குளிர்நாட்டில் ஒரு குடும்பத்தைக் காத்தது.

அது எளிதான பிழைப்பு அல்ல. பனிக்காலத்தில் விரல் விறைக்கும்; விறைத்த விரலில் பந்து நிற்காது. ஒரு வாரம் பழகாமல் விட்டால் கைக்குத் தெரியும். இரண்டு வாரம் விட்டால் சபைக்கும் தெரியும். வயது ஏற ஏற உடம்பு தன் அளவை மாற்றிக்கொள்ளும். ஆனால் வாளின் அளவு மாறாது.

வேஷம் போட்டவர்கள்

ராமசாமியின் பெயர் ஆங்கிலப் பேச்சு வழக்கிலேயே கலந்துவிட்டது. கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் புகழ் பெற்ற நாவலாசிரியர் தாக்கரே, 1846-இலும் 1847-இலும் 'பஞ்ச்' பத்திரிகையில் எழுதிய நையாண்டிக் கட்டுரைகளில், சாப்பாட்டு மேஜையில் கத்தியை வாய்க்குள் ஆழமாக விட்டுக்கொண்ட ஒரு சீமாட்டியை ராமசாமிக்கு ஒப்பிட்டார். விளக்கம் தேவைப்படவில்லை. வாசகர்கள் படித்ததும் சிரித்தார்கள் என்றால், அந்தப் பெயர் எவ்வளவு பிரசித்தம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவரைப் பார்த்துத் தொழில் கற்றவர்களும் உண்டு. லண்டன் ஏழைகளின் வாழ்க்கையை நேரில் விசாரித்துப் பல பாகங்களாக எழுதிய ஹென்றி மேஹ்யூவிடம், தெருவில் பந்து வித்தை காட்டிய ஓர் ஆங்கிலேயர், சிறு வயதில் ராமசாமியின் ஆட்டத்தைப் பார்த்ததே தம்மை இந்தத் தொழிலுக்கு இழுத்தது என்று தம் கதையைக் கூறியிருக்கிறார்.

வேஷம் போட்டவர்களும் உண்டு. இந்திய வித்தைக்கு மவுசு ஏறியதும், முகத்தில் கரி பூசி, தலைப்பாகை சுற்றி, வாயில் நுழையாத 'இந்திய'ப் பெயர்களைச் சூட்டிக்கொண்டு பல வெள்ளையர்கள் மேடை ஏறினார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் கூட அந்த ஆசைக்குத் தப்பவில்லை. வித்தையில் பிரியமுள்ள அவர் 1849-ஆம் ஆண்டுக் கோடையில், வைட் தீவிலுள்ள பான்சர்ச் கிராமத்தில், கீழைநாட்டு வேஷம் தரித்து 'ரியா ராமா ரூஸ்' என்ற பெயரில் நண்பர்களுக்கு வித்தை காட்டி மகிழ்ந்தார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை; வெறும் விளையாட்டு. ஆனால் விளையாட்டாகப் போட்ட வேஷத்தை ஆட்டம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். ராமசாமியால் கழற்ற முடியுமா? அது அவருடைய தோல் அல்லவா?

அந்த வேளையில் உண்மையான ராமசாமி கிழவராகியிருந்தார். வேஷங்கள் மலிந்த சந்தையில் அசலுக்கு விலை குறைந்துவிட்டது. புதுப்புது யந்திரங்களும், மேஜையும் திரையும் கண்ணாடியும் கொண்ட பிரமாண்டமான வித்தைகளும் கொட்டகைகளைப் பிடித்துக்கொண்டன. பாரிஸில் ரோபேர் ஊதேன் என்ற பிரெஞ்சுக்காரர், கடிகாரத் தொழிலில் கற்ற நுட்பத்தையெல்லாம் வித்தையில் புகுத்தி 1845 முதல் புகழ்க்கொடி நாட்டினார். 1847-இல் தம் மகனை ஆகாயத்தில் கிடத்திக் காட்டி அவர் ஊரை அசத்தினார். அதற்குப் பல ஆண்டு முன்பே, கைத்தடி ஒன்றின் மேல் ஒரு கை மட்டும் பட, ஆகாயத்தில் உட்கார்ந்து காட்டிய சேஷால் என்பவரின் வித்தை சென்னையில் பெயர் பெற்றிருந்தது. உடைக்குள் உடம்போடு ஒட்டி மறைந்திருக்கும் இரும்புச் சட்டமே இத்தகைய வித்தைக்கு ஆதாரம் என்பார்கள். சட்டம் உடம்புக்கு அளவாக இல்லாவிட்டால் அங்கியின் மடிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

கோஹினூர் வந்த கோடை

1850-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பஞ்சாபிலிருந்து கொண்டுபோன கோஹினூர் வைரம் விக்டோரியா ராணியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு நடக்கவிருந்த உலகப் பொருட்காட்சிக்கு லண்டன் தயாராகிக்கொண்டிருந்தது. இந்தியாவின் பட்டும் தந்தமும் நகையும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட இருந்தன.

அதே கோடையில், ஆகஸ்டு மாதத்தில், அதே நகரத்தில், இந்தியாவிலிருந்து வந்த இன்னொரு அற்புதம் கண்ணை மூடியது. ராமசாமி காலமானார். வீட்டில் பணம் இல்லை. கொட்டகை கொட்டகையாகக் கூட்டம் சேர்த்தவரை அடக்கம் செய்யக்கூட வழியில்லை. மனைவி எலன், அடக்கச் செலவுக்கு உதவும்படி பத்திரிகை மூலமாகப் பொதுமக்களிடம் வேண்ட நேர்ந்தது.

வைரத்துக்குக் காவல் போட்ட நகரம் வித்தைக்காரரை மறந்துவிட்டது. பந்தைத் தவறவிடாத கை காலியாகவே போயிற்று.

எஞ்சி நின்றது

ஆனாலும் வித்தை சாகவில்லை. வாயில் கோத்த மணிமாலை வேறு வடிவில் மறுபிறவி எடுத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகையே கலக்கிய ஹாரி ஹூடினி, ஊசிகளையும் நூலையும் வாயில் போட்டு, எல்லா ஊசிகளும் கோத்தபடி வெளியே இழுத்துக் காட்டினார். அதற்கு அவர் வைத்த பெயரிலேயே இந்தியா இருந்தது. ராமசாமியின் மணிமாலைதான் அதற்கு முன்னோடி என்று வித்தை வரலாறு எழுதியவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஊசி வித்தையை இன்றைக்கும் பல நாட்டு மேடைகளில் காணலாம். செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு ராமசாமியின் பெயர் தெரியும்?

மீண்டும் உழவர்கரைப் பையனிடம் வருவோம். அவன் வாங்கி வந்த பொய்விரலில் இன்னும் ஒரு குறை இருக்கக்கூடும். மேல்நாட்டார் தங்கள் கையைப் பார்த்துச் செய்த பொருள் அது; நெடுங்காலம் அவர்கள் தோலின் நிறத்திலேயே வந்துகொண்டிருந்தது. நம் ஊர்க் கையில் மாட்டினால் சுண்ணாம்பு தடவிய விரல் போலத் தனித்துத் தெரியும். அதனால் வர்ணம் கலந்து பூசி, தங்கள் கையின் நிறத்துக்குக் கொண்டுவருவது நம்மவர்களுக்கு வழக்கமாயிற்று. இப்போது பல நிறங்களில் கிடைக்கின்றன. என்றாலும் தன் விரலுக்கு ஏற்றபடி பட்டை ஒட்டுவதையும், நீரில் காட்டி அமுக்குவதையும், கண்ணாடி முன் நின்று நூறு தடவை கையை அசைத்துப் பார்ப்பதையும் அவனுக்காக வேறு யாரும் செய்துவிட முடியாது.

நூறாவது தடவைக்கு மேல் ஒரு நாள், உறை மாட்டியிருப்பதே அவனுக்கு மறந்து போகும். துணி மறையும், தங்கச்சி வாயைப் பிளப்பாள். அந்தக் கணத்தில் அவன் கற்றுக்கொள்வது கடையில் விற்கும் இரகசியம் அல்ல. இருநூறு ஆண்டுக்கு முன் ஆறேழு கடல் தாண்டிப் போய், பொய்விரல் இல்லாத வெறும் கையால் ராமசாமி காட்டிய பாடம் அது.

பிறருக்குப் பொருந்தும்படி பெயரைக் கொடுத்தார், உடையைக் கொடுத்தார், ஊரைக் கொடுத்தார். கையின் பழக்கத்தை மட்டும் யாருக்காகவும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் கைதான் இன்றும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.